ஐந்து ஊசிகள்

மூன்றாவது மாடியில் வளர்ந்த நாய்.
சங்கிலியோடு லிஃப்டில் இறங்கி
அஸ்தம்பட்டியில் இரண்டு தெரு சுற்றி
சங்கிலியோடு லிஃப்டில் ஏறுவதே அதன் உலகம்.
மலையிலாவது ஓடட்டுமே என்று
மஞ்சக்குட்டை தாண்டி, சில்வர் ஓக் நிழலில்
கொக்கியை அவிழ்த்தது நான்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பிறகு சொல்லத் தைரியம் இல்லாமல் போகலாம்.

காட்டெருது ஒன்று நின்றது. அவ்வளவுதான்.
அது ஒன்றும் செய்யவில்லை, திரும்பிப் பார்த்தது.
பிறகு குரைப்பு, சரளை சரியும் சத்தம்,
பிறகு கீழே எங்கிருந்தோ
குக்கரில் ஆவி அடங்குவதுபோல ஒரு முனகல்.

"தட்டுவடை! தட்டுவடை!" என்று கத்தினேன்.
அதன் பெயர் அது. குட்டியாக இருந்தபோது
தரையோடு தரையாக, வட்டமாகப் படுத்திருக்கும்.
காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள்
இந்த உச்சியில் யாரடா தட்டுவடை விற்பது என்று
சிரித்தபடிதான் எட்டிப் பார்த்தார்களாம்.
என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல்.
"மனுசனா, நாயா?" என்றது தீயணைப்பு நிலையக் குரல்.
நாய் என்று சொல்லும்போது
கடன் கேட்பவன்போலத் தொண்டை அடைத்தது.
வருகிறோம் என்றார்கள்.
மழையும் வந்துகொண்டிருந்தது.

சடையன் யாரையும் கேட்கவில்லை.
பலாக்காய் இறக்கும் கயிற்றை இடுப்பில் சுற்றி
மறுமுனையை ஒரு மரத்துக்கும் மைத்துனனுக்கும் கொடுத்து
பீடியை அணைத்துக் காதில் செருகி
நாற்பதடி இறங்கினார்.
நான் மேலே நின்று
"கடிக்காதுங்க, ரொம்ப சாது" என்றேன்.
நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் அதே வாக்கியம்.

கடித்தது.
உடைந்த காலைத் தொட்டால் நானும்தான் கடிப்பேன் என்று
பிறகு அவரே சொன்னார்.
வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே, நான்கு பல்.
அந்தக் கையாலேயே சாக்கில் கட்டி
முப்பத்தொரு கிலோவை மேலே அனுப்பிவிட்டு
அப்புறம்தான் ஏறினார்.

"ஊசி போட்ட நாய்தானே?"
தடுப்பூசிப் புத்தகம் வீட்டில் இருந்தது.
அதில் தேதி முடிந்து நான்கு மாதம்.
வர்ற ஞாயிறு, வர்ற ஞாயிறு என்று
தள்ளிப்போட்ட ஞாயிறுகள் எல்லாம்
அந்தக் கையில் சிவப்பாக நின்றன.

அன்றைக்கு ஒன்று. பிறகு மூன்று, ஏழு,
பதினான்கு, இருபத்தெட்டாம் நாட்கள்.
சேலத்திலிருந்து ஸ்கூட்டரில் இருபது வளைவு ஏறி
அவரைப் பின்னால் உட்காரவைத்து
ஏற்காடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.
மூன்றாம் நாள் பேச்சே இல்லை.
ஏழாம் நாள் அவர் மனைவி வெள்ளையம்மா
ஸ்கூட்டரின் முன் வந்து நின்று கேட்டார்:
"கயிறு அறுந்திருந்தா யாரக் கூட்டிட்டுப் போக வந்திருப்பீங்க?"
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

பதினான்காம் நாள் ஒரு கவர் நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து
பறிப்புக்குப் போகாத நாட்களின் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதியை என் சட்டைப்பையிலேயே வைத்தார்.
இறக்கம் முழுக்க அது கனத்தது.

தீயணைப்புக்காரர்கள் பாதி வழி வந்து திரும்பியிருந்தார்கள்.
அவர்களுடைய தாளில் 'விபத்துக் காரணம்' என்ற கட்டத்தில்
'கால் தவறியது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
யார் கால் என்று அவர்கள் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் நர்ஸ் "முடிஞ்சது" என்றார்.
சடையன் சட்டைக் கையை இறக்கிவிட்டு
"அதுக்குப் போட்டாச்சா?" என்றார்.
போட்டாச்சு.
"காலு?"
கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம்.
"ம்."

இறங்கும்போது பதினோராம் வளைவில்
மேலேறும் கார் ஒன்றின் ஜன்னலில்
நாக்கு வெளியே, காதுகள் பின்னால் பறக்க, ஒரு நாய்.
அவ்வளவு சந்தோஷமான முகத்தை
நான் சேலத்தில் பார்த்ததில்லை.
ஹாரனை விடாமல் அழுத்தினேன்.
உள்ளே இருந்தவர்கள்
சிரித்தபடி கையசைத்தார்கள்.